கம்பளிக் கோட்டும் லினன் சட்டையும்

ஸ்மைலினுக்கு ஏற்றுமதி மேலாளர் பதவி வந்ததும், அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேக் கொடுத்து வீடே கலகலத்ததும் போன வாரச் சங்கதி. அந்தக் கேக்கின் கடைசித் துண்டு ஃப்ரிட்ஜில் காய்ந்துகொண்டிருக்கும்போதே புதுப் பதவியின் முதல் பயணம் வந்துவிட்டது. ஜெர்மனியில் ஹாம்பர்க். ஒரு வாரம்தான் என்றாள் ஸ்மைலின். சனிக்கிழமை மத்தியானம் வாடகைக் கார் ஓட்டும் டைட்டஸ் காரோடு வந்து நிற்பான். திருவனந்தபுரம் போய் விமானம் ஏற வேண்டும்.

ஒரு வாரம் என்றால் அவள் கணவர் தேவகுமாருக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் பெட்டி அடுக்க வரும். கறுப்பு பிளேசர், சாம்பல் பிளேசர், இரண்டுக்கும் ஒத்துப்போகிற பேன்ட்டுகள், முழுக்கைச் சட்டைகள், மழைக்கு ஒரு மெல்லிய கோட்டு. கசங்காமல் அடுக்கிப் பெட்டியை மூடிவிடுவார்.

திருவட்டாறில் அவருக்கு இரண்டு பெயர் உண்டு. பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி சார். பள்ளிக்கூடத்துக்கு வெளியே, பெண்டாட்டிக்குப் பெட்டி அடுக்கும் சார். இரண்டாவது பெயரைச் சொல்லிச் சிரிப்பவர்களை அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொண்டதில்லை. சிரிக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் சட்டை எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியும்?

இந்த வித்தை ஒரே நாளில் கைகூடிவிடவில்லை. ஸ்மைலின் வேலை பார்ப்பது ரப்பர் கையுறை ஏற்றுமதி செய்கிற கம்பெனியில். ஆஸ்பத்திரிகளுக்குக் கையுறை வாங்குகிறவர்களை நாடு நாடாகத் தேடிப் போய்ப் பார்க்கிற வேலை. முதன்முதலில் அவள் துபாய்க்குப் புறப்பட்டபோது, போகிற இடத்தில் நாக்குச் செத்துப்போகுமே என்று நெய்மீன் ஊறுகாய் பாட்டில் ஒன்றை அவளுடைய பிளேசருக்குள் பத்திரமாகச் சுற்றி வைத்தார் தேவகுமார். பாட்டில் உடையக் கூடாதே என்பதுதான் அவர் கவலை. மூடி கசியும் என்று தோன்றவே இல்லை. மறுநாள் கூட்டத்தில், இன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு மீனா என்று ஒரு பெரிய மனிதர் ஆசையாகக் கேட்டாராம்.

அடுத்தது ஜோகன்னஸ்பர்க். ஆப்பிரிக்கா என்றால் வெயில் கொளுத்தும் என்று பருத்திச் சட்டைகளாகப் பார்த்து வைத்தார். போனது ஜூலை. அங்கே அது நடுக்குகிற குளிர்காலம். வாங்க வந்தவர்கள் முன்னால் பற்கள் தந்தியடிக்கக் கையுறையின் பெருமையைப் பேசி முடித்தாள் ஸ்மைலின். பூமியில் பாதிக்கு வெயில் காலம் என்றால் மறுபாதிக்குக் குளிர்காலம் என்று சின்ன வகுப்பிலேயே படித்த மனுஷன், போனில் அவள் தும்முவதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

அதனால் டொரண்டோ பயணம் வந்தபோது பரீட்சைக்குப் படிப்பதுபோல் உட்கார்ந்து படித்தார். பிப்ரவரி மாதம். உடம்போடு ஒட்டிக்கொள்ளும் தெர்மல் உள்ளாடை, அதன்மேல் மெல்லிய கம்பளிச் சட்டை, அதன்மேல் பிளேசர், எல்லாவற்றுக்கும் மேலே முழங்கால்வரை வரும் கறுப்புக் கம்பளிக் கோட்டு. கட்டடத்துக்குள் நுழைந்தால் வெக்கை, வெளியே வந்தால் உறைபனி. ஒவ்வொன்றாகக் கழற்றவும் மாட்டவும் தோதாக இருக்க வேண்டும். அந்தத் தடவை ஒரு தும்மல்கூட இல்லாமல் திரும்பி வந்தாள்.

உண்மையைச் சொன்னால், துணி அடுக்குவதில் அவருக்கு அத்தனை ஆசை ஒன்றும் இல்லை. கட்டில் நிறையத் துணிகளைப் பரப்பிவிட்டு, இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் அவளுமாக உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு பொழுதுக்காகத்தான் அவர் பெட்டி அடுக்கினார். அப்போது ஸ்மைலின் பேசுவாள். எந்த நாட்டுக்காரன் எப்படிப் பேரம் பேசினான், எவன் கொட்டாவி விட்டான், விருந்தில் எவள் இவளுடைய சேலையைத் தொட்டுப் பார்த்தாள் என்று வாய் ஓயாமல் சொல்வாள்.

இப்போது கொஞ்ச காலமாக அந்தப் பேச்சு நின்றுவிட்டது. அவள் காதில் எப்போதும் போன். மகள் ரெனிஷா பிளஸ் டூ படிப்போடு தன் அறைக்குள் இருப்பாள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போகவே தேவகுமாருக்குக் கால் எழும்பாது. யாரும் இல்லாத வீடாக இருந்தாலாவது மனசு தேறும். எல்லாரும் இருக்கிற வீட்டில் ஒருவரும் இல்லாமல் இருப்பது பெரிய கஷ்டம்.

சனிக்கிழமை காலை மார்த்தாண்டத்துக்குப் போய், டிரைவாஷ் கடையிலிருந்து பிளேசர்களை வாங்கி வரக் கிளம்பினார்.

கடைக்காரர் கிருஷ்ணமணி மூன்று உறைகளை எடுத்து மேஜையில் வைத்தார்.

"ரெண்டு பிளேசர், ஒரு கம்பளிக் கோட்டு. சரிதானா சாறே?"

இந்தப் பக்கத்தில் வாத்தியாரைச் சாறே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கோட்டா? கோட்டு எப்பம் தந்தோம்?"

"மேடம் போன மாசமே கொண்டு தந்துதே. பட்டன் எளகிக் கெடந்துது, அதையும் தச்சு வச்சிருக்கேன். ஒரு குளிர்காலம் முழுக்க ஒழைக்கணும்னு சொல்லிட்டுப் போச்சுது. சாறுக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும். மறந்து போச்சு" என்றார் தேவகுமார்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். காது மடல் சூடாகிவிட்டது. பஸ்ஸில் வரும்போது கம்பளிக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல வெயில். பக்கத்து ஆள் அந்தக் கோட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

வீட்டில் ஸ்மைலின் பெட்டியைக் கட்டில்மேல் திறந்து வைத்திருந்தாள். உறைகளைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"கோட்டையும் வாங்கிட்டு வந்தியளா?"

"தந்தான். நான் கேக்கல்ல."

"அதையும் வச்சிருங்க."

"செப்டம்பர்ல என்னத்துக்குப் பிள்ள இது? ஃபோன்ல பாத்தேன். அங்க குளிரு இனிமேதான் தொடங்கும். பிளேசரும் மழைக்கோட்டும் தாராளம்."

"அந்த ஊரு கிளைமேட்டை நம்ப முடியாது. இருந்துட்டுப் போகட்டும்."

பூசி மெழுகுகிறாள் என்று தெரிந்தது. தேவகுமார் பிளேசரின் ஒரு தோளை உள்பக்கமாகத் திருப்பி, மறுதோளை அதற்குள் நுழைத்து, நடுவில் ஒரு மெல்லிய துண்டை வைத்து மடித்தார். அப்படி மடித்தால் தோளில் சுருக்கம் விழாது. கோட்டை அடியில் விரித்தார். பாதிப் பெட்டியை அதுவே விழுங்கிவிட்டது.

ஸ்மைலின் அலமாரியைத் திறந்து இன்னும் கொஞ்சம் துணி எடுத்து வந்தாள். லினன் சட்டைகள். ஒன்று வெள்ளை, ஒன்று இளநீலம். துபாய் வெயிலுக்கென்று அவரே நாகர்கோவிலில் தேடி அலைந்து வாங்கியவை.

"இதையும்" என்றாள். அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

அந்த நேரம் போன் அடித்தது. அவள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே மாடிக்குப் போய்விட்டாள்.

தேவகுமார் சட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். செப்டம்பருக்கு பிளேசர். சரி. டிசம்பருக்கும் ஜனவரிக்கும் கம்பளிக் கோட்டு. அதுவும் சரி. லினன் சட்டை போடுகிற அளவுக்கு அந்த ஊரில் வெயில் வர வேண்டுமானால் அடுத்த ஜூன் ஆக வேண்டும். ஒரு வாரத்துக்குப் போகிறவள் ஒரு பருவத்துக்குத்தான் துணி எடுப்பாள். இவள் ஒரு வருஷத்துக்கே எடுக்கிறாள்.

சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

மாடிப்படி ஏறிப் போய்க் கேட்டுவிடலாம். என்ன பிள்ள இது, எங்க போற, எப்பம் வருவ? நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தேவகுமார் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். முதல் பயணத்தின்போது அவருடைய அண்ணன்மார் பொம்பளையைத் தனியாக வெளிநாட்டுக்கு அனுப்புவதா என்று குதித்தார்கள். அவர்கள் எதிரிலேயே, நான் உன்னை ஒருநாளும் தடுக்க மாட்டேன் என்று அவளிடம் சொன்னார். அன்று ஸ்மைலின் கண் கலங்கிச் சிரித்தது அவருக்கு இன்னும் மறக்கவில்லை. தடுக்காமல் இருப்பதில் தொடங்கியவர், போகப் போக எதையுமே கேட்காமல் இருக்கப் பழகிவிட்டார்.

அவளாகச் சொல்லட்டும் என்று நினைத்தார். கார் வருவதற்குள் அவளாகச் சொல்லிவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஸ்மைலின் இறங்கி வரவில்லை. மாடியில் போனிலேயே கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்புமாக அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"மக்களே, அம்ம என்னைக்குத் திரும்பி வருவா?" என்று மகளிடம் கேட்டார்.

கிழங்கைப் பிசைந்துகொண்டிருந்த ரெனிஷாவின் கை நின்றது.

"அடுத்த சனிக்கிழமன்னு சொன்னாள்லா."

"உன்கிட்டயும் அப்படித்தான் சொன்னாளா?"

"அம்மாட்ட கேளுங்கப்பா."

"நான் உன்கிட்டல்லா கேக்கேன்."

"என்கிட்ட கேக்காண்டாம்ப்பா." குனிந்த தலை நிமிரவில்லை. "அம்மாவே சொல்லுவா. நான் சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா."

தட்டில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. தேவகுமார் கரண்டியை எடுத்து அவளுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்.

"செரி, செரி. அழாத. சாப்பிடு, ஆறிப்போகும்."

அப்புறம் அவரால் சாப்பிட முடியவில்லை. வீட்டில் இருப்பதே மூன்று பேர். அதில் இரண்டு பேருக்குத் தெரிந்த சங்கதி மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. சொந்த வீட்டு மேஜையிலேயே விருந்துக்கு வந்தவர்போல் உட்கார்ந்திருந்தார். அழ வேண்டும்போல் இருந்தது. எதிரே அழுதுகொண்டிருக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படி அழுவது?

கை கழுவிவிட்டுப் படுக்கையறைக்கு வந்தவர் ஒரு காரியம் செய்தார். பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த கம்பளிக் கோட்டை உருவி எடுத்தார். அலமாரியில் தன் வேட்டிகளுக்குப் பின்னால் அதைத் திணித்துக் கதவைச் சாத்தினார். கோட்டு இல்லையென்றால் குளிர் தொடங்கும்போது வந்துதானே ஆக வேண்டும்? ஐம்பதை நெருங்குகிற மனுஷனுக்கு அந்த நேரத்தில் அது பெரிய யோசனையாகத் தோன்றியது.

கதவைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். ஜோகன்னஸ்பர்க்கில் அவள் தும்மிய தும்மல் காதில் கேட்டது. தனியாக ஒரு ஓட்டல் அறையில், பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு, ஒன்றும் இல்லை, சும்மா ஜலதோஷம் என்று சொன்ன குரல்.

கோட்டைத் திரும்ப எடுத்துப் பழையபடி விரித்தார். விரித்ததோடு விடவில்லை. மேல்தட்டில் கிடந்த தெர்மல் உள்ளாடைகளைத் தேடி எடுத்தார். ஸ்மைலின் அதை மறந்திருந்தாள். குளிர்காலம் முழுக்க அங்கே இருக்கப் போகிறவள் அது இல்லாமல் என்ன செய்வாள்? நன்றாக உதறி, மடித்து, எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் ஸ்மைலின் குளித்து உடுத்து வந்தாள். பெட்டியை மூட வேண்டும். வழக்கம்போல் அவள் மூடிமேல் ஏறி உட்கார வேண்டும், அவர் ஜிப்பை இழுக்க வேண்டும். மூடியைத் தூக்கியவளின் கண்ணில் மேலே இருந்த தெர்மல் துணி பட்டது. அதை அவள் வைக்கவில்லை. வைத்தது யார் என்று கேட்கவும் வேண்டியதில்லை.

அவள் கை அந்தத் துணிமேலேயே நின்றது. தேவகுமார் காத்திருந்தார்.

"வேற வல்லதும் வைக்க உண்டா?" என்றார் மெதுவாக.

ஸ்மைலின் உதடு அசைந்தது. பிறகு அந்தத் துணியை நீவிவிட்டாள்.

"இந்தத் தடவ ஊறுகாய் வச்சிடல்லியே?"

"இல்ல, இல்ல" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். இரண்டு பேருடைய சிரிப்பும் பாதியிலேயே அறுந்துபோனது. ஸ்மைலின் மூடிமேல் உட்கார்ந்தாள். தேவகுமார் குனிந்து ஜிப்பை இழுத்தார். இத்தனை பக்கத்தில் அவள் முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! கண்ணுக்குக் கீழே கருவளையம். அவள் பல நாளாகத் தூங்கவில்லை.

வாசலில் ஹாரன் கேட்டது.

"சாறே, திற்பரப்புல ஒரு சவாரிய விட்டுட்டு நேரா வாறேன்" என்று வெளியிலிருந்தே சத்தம் கொடுத்தான் டைட்டஸ். "களியக்காவிளையில ரோடு பிளாக்குன்னு சொல்லுதாவ. சட்டுன்னு எறங்குங்க."

பிரயாணம் புறப்படுகிறவர்களை ஜெபிக்காமல் படி இறங்க விடுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. மூன்று பேரும் முன்னறையில் முழங்காலிட்டார்கள். சின்னவள் முதலில், அப்புறம் தாய், முடிப்பது தகப்பன்.

ஜெபம் என்றதும் தேவகுமாரின் காலஞ்சென்ற அம்மா ஞானபாயைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த அம்மாள் மருமகள்களை நேரில் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. எல்லாம் ஜெபத்தில்தான். ஆண்டவரே, குழம்பில் உப்புப் போட இந்தப் பிள்ளைக்கு ஞாபகசக்தியைத் தாரும் என்பாள். ஆண்டவரே, மாதத்துக்கு ஒரு தடவை பிறந்த வீட்டுக்கு ஓடுகிற மனசை மாற்றும் என்பாள். ஜெபத்தில் சொன்னதை எதிர்த்து யார் பேச முடியும்? மருமகள்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆமென் சொல்வார்கள். அந்தக் குறுக்குவழியைத் தான் ஒருநாளும் பிடிக்க மாட்டேன் என்று தேவகுமார் இருந்தார்.

ரெனிஷா இரண்டே வார்த்தையில் முடித்தாள். ஸ்மைலின் வாய்விட்டு ஜெபிக்கவில்லை. தலை குனிந்தே இருந்தாள். தேவகுமார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆண்டவரே, உம்முடைய மகள் ஸ்மைலின் பிரயாணம் போகிறாள். போகிற வழியெல்லாம் துணையாக இரும். பேசப்போகிற இடங்களில் தயவு கிடைக்கச் செய்யும். குறித்த நாளில் சுகமாக..."

அந்த இடத்தில் நாளைச் சொல்லி ஜெபிப்பது அவர் வழக்கம். இன்ன நாளில் சுகமாகத் திரும்பி வரச் செய்யும் என்பார். இன்று வாய் வரவில்லை.

"அந்த நாள் எதுன்னு எனக்குத் தெரியாது ஆண்டவரே." ஜெபத் தமிழ் போய் வீட்டுத் தமிழ் வந்துவிட்டது. "அவளுக்குத் தெரியும். எனக்க பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. கோட்டு வச்சிருக்கேன். வெயில் காலத்துக்குள்ளதும் வச்சிருக்கேன். எத்தன நாளானாலும் அவ குளுருல கஷ்டப்படப்பிடாது ஆண்டவரே."

ரெனிஷா விசும்பினாள்.

"ஒரு வருஷம்" என்றாள் ஸ்மைலின்.

ஜெபத்துக்கு நடுவில் ஒருவர் பேசுவது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

"அங்க ஆபீஸ் தொறக்காங்க. நான்தான் பாத்துக்கணும். சம்மதம்னு கையெழுத்துப் போட்டாச்சு."

"என்கிட்ட ஏன் பிள்ள சொல்லல்ல?"

"சொன்னா நீங்க என்ன சொல்லுவிய? போயிட்டு வான்னு சொல்லுவிய. துபாய்க்கும் அதுதான், டொரண்டோவுக்கும் அதுதான். இவ்வளவு வருஷத்துல ஒரு தடவையாவது போகாண்டாம்னு சொன்னியளா? வருத்தமா இருக்குன்னாவது சொன்னியளா? பெட்டிய அடுக்கி நீட்டா குடுத்துடுவிய." அவள் குரல் உடைந்தது. "ஒவ்வொரு தடவையும் கார்ல ஏறும்போது, நம்மள அனுப்பி வைக்க இவரு இவ்வளவு நல்லா படிச்சிருக்காரேன்னு நெனச்சுக்கிட்டே போவேன். ஒரு வருஷம்னு சொல்லி, அதுக்கும் நீங்க போயிட்டு வான்னு சொன்னா அத என்னால தாங்க முடியாது. அதான் சொல்லல்ல."

தேவகுமார் கண்ணைத் திறக்கவில்லை. இமைக்குள்ளிருந்து தண்ணீர் கன்னத்தில் இறங்கியது. போகாதே என்று சொல்ல இத்தனை வருஷத்தில் அவருக்குத் தோன்றாத நாளே கிடையாது. ஒவ்வொரு சட்டையை மடிக்கும்போதும் அதை விழுங்கியிருக்கிறார். இப்போது சொல்லிவிடலாம். சொன்னால் கொடுத்த வாக்கு போகும். அவள் போராடி வாங்கிய பதவியும் போகலாம். சொல்லாவிட்டால் அவளே போய்விடுவாள்.

"சாறே, நேரமாச்சு" என்று வெளியே டைட்டஸ் குரல் கொடுத்தான்.

ஆமென் சொன்னால்தான் ஜெபம் முடியும். முடிந்தால்தான் முழங்காலை எடுத்து அவள் எழுந்திருக்க முடியும், பெட்டியைத் தூக்க முடியும். ரெனிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். ஸ்மைலினும் பார்த்தாள்.

டைட்டஸ் மறுபடியும் ஹாரன் அடித்தான். தேவகுமார் கூப்பிய கையைப் பிரிக்கவில்லை. ஆமென் சொல்லவும் இல்லை.